ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம்

பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த பழைய ஸ்டிக்கரை ஹேர் டிரையரின் சூட்டில் இளக்கி, ஓர் ஓரத்திலிருந்து மெதுவாக உரித்துக்கொண்டிருந்தாள் அவள். அவசரப்பட்டால் கிழியும். கிழிந்தால் அடியிலிருக்கும் பிளைவுட்டின் மேல்தோலும் சேர்ந்து வந்துவிடும். வண்டிகளுக்கு நம்பர் பிளேட்டும் ஸ்டிக்கரும் வெட்டி ஒட்டுகிற கடையில் இத்தனை வருடமாக வேலை பார்க்கிறவளுக்கு இதெல்லாம் யோசிக்காமலே கை செய்கிற காரியம். சூடு காட்டி, நகத்தால் தூக்கி, இழுத்து, மறுபடி சூடு காட்டி, ஏணியில் ஏறும் குட்டி மனிதன் ஒருவனின் படத்தை இடுப்புவரைக்கும் உரித்தாயிற்று. சாயம் போய் அவன் சட்டை என்ன நிறமென்றே தெரியவில்லை. முழுசாக எடுத்தால் கடைக் கம்ப்யூட்டரில் வைத்து அளவு மாறாமல் வரைந்துவிடலாம்.

பெட்டிக்குப் பின்னால், தலையையும் ஒரு கையையும் உள்ளே விட்டிருந்த அவளுடைய நாத்தனார் குரல் மட்டும் வந்தது. "அண்ணி, இங்க ஒரு எலிக் குடும்பமே குடித்தனம் நடத்தியிருக்கு. சோபா செட்டு ஒண்ணுதான் இல்ல."

கடித்துக் குதறிய வயர் துண்டுகள், நைந்த காகிதம், பல் போன சீப்பு, யாரோ ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்து விழுந்தன. அவள் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான், இந்தப் பெண்ணோடு சேர்ந்து தான் சிரிப்பது இதுதான் முதல் முறையாக இருக்கும் என்று தோன்றியது.

நாத்தனாரை வீட்டில் எல்லாரும் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். தலை நரைத்த பிறகும் அவள் சின்னவள்தான். கல்யாணம் ஒத்துவராமல் தனியாக வந்துவிட்டவள். எலெக்ட்ரானிக் போர்டு செய்கிற தொழிற்சாலையில் நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து ஈயம் பற்றவைக்கிற வேலை. அவளுடைய அண்ணன், இவளுடைய கணவர், பஸ் ஓட்டியவர். தெருவில் எல்லாருக்கும் அவர் டிரைவர். அவர் ஓட்டுவதை நிறுத்தி ஒரு வருடத்துக்கு மேலாகியும் தபால்காரர்வரை யாரும் அந்தப் பெயரை மாற்றவில்லை.

பக்கவாதம் வந்த அன்று காலை அவர் வலது கை மரத்துப்போயிருக்கிறது என்றார். "ராத்திரி கைமேல படுத்திருப்பீங்க. உதறி விடுங்க, சரியாயிடும்," என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குப் போனாள். மதியம் பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில், சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கு நடுவில், சின்னவள் அவளைப் பார்த்துச் சொன்னாள்: "காலையிலேயே கூட்டிட்டு வந்திருந்தா எங்கண்ணன் கை பிழைச்சிருக்கும்." டாக்டர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வலது கையும் வலது காலும் போயின. பேச்சு குழறிப்போய், தேடித் தேடி எடுக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு சின்னவள் அண்ணனைப் பார்க்க வருவதென்றால், அண்ணி வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் வருவாள். இருவரும் பேச்சை விட்டுவிட்டார்கள்.

அப்படியிருக்க ஒரு சாயங்காலம் கடை வாசலில் சின்னவள் நின்றுகொண்டிருந்தாள். குசலம் எதுவும் விசாரிக்கவில்லை. போனை நீட்டினாள். "இது என்னன்னு தெரியுதா?"

"பீரோ மாதிரி இருக்கு."

"அண்ணன்கிட்ட பீரோன்னு சொல்லிப் பாருங்க, சண்டைக்கு வரும்."

இடிக்கப்போகிற ஒரு பழைய சினிமா தியேட்டரின் பின்கட்டில் கிடந்ததாம். காசு போட்டு நின்றபடியே ஆடுகிற வீடியோ கேம் பெட்டி. பள்ளிக்கூடத்து நாட்களில் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கூடத்தில் இதே விளையாட்டு இருந்தது. பையன்கள் அதைக் கிணறு என்பார்கள். ஒரு குட்டி மனிதன் கிணற்றுக்குள்ளிருந்து ஏணி ஏணியாக ஏறி வரவேண்டும், இடையில் இருக்கிற உடைந்த படிகளைத் தாண்டிக் குதிக்க வேண்டும், கீழிருந்து தண்ணீர் ஏறிக்கொண்டே வரும். டிரைவர் ஒரு கோடை விடுமுறையில் கிணற்றின் வாய்வரைக்கும் ஏறிவிட்டார். அவருடைய முதலெழுத்துகள் திரையின் உச்சியில் விடுமுறை முடியும்வரை நின்றன, வேறு எவனாலும் அழிக்க முடியவில்லை. "நான் அண்ணனோட பையையும் என் பையையும் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துல நிப்பேன்," என்றாள் சின்னவள். "எங்கண்ணன் சிரிச்சு ஆடி நான் பார்த்தது அங்கதான். பிறந்த நாளைக்கு இதை ஓடவச்சுக் கொடுத்தா என்ன? போர்டு வேலை நான் பார்த்துக்கறேன். பெயின்ட், ஸ்டிக்கர்னு மேல் வேலை எனக்கு வராது."

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. இருந்தாலும் அவள் கேட்டாள்: "ஒரு கையால எப்படி ஆடுவாரு?"

"அதுக்கு வழி இருக்கு. நீங்க வர்றீங்களா, இல்லையா?"

இப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகள் ஆரம்பித்தன. கடையில் வேலை குவிந்துவிட்டது, ஓவர்டைம் என்று வீட்டில் சொன்னாள். டிரைவர் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தபடி தலையை அசைத்தார். சாப்பாட்டை இடது கைக்கு எட்டுகிற பக்கமாக வைத்து, தண்ணீரை மூடி திருகாத பாட்டிலில் வைத்து, ரேடியோவைப் போட்டு, பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்புவாள். தெருமுனை திரும்பும்வரை முதுகில் அவர் பார்வை இருப்பது போலிருக்கும். திரும்பியதும் நடை வேகமாகிவிடும்.

சின்னவளின் வீட்டை ஒட்டி, ஸ்கூட்டர் விடுவதற்காகக் கட்டிய ஒரு ஷெட். ஷட்டரைப் பாதி தூக்கி வைத்தால் வெளிச்சம் முழங்கால் உயரத்துக்கு வரும். அங்கே பெட்டியைப் படுக்கப்போட்டும் நிமிர்த்தியும் வேலை செய்தார்கள். பிக்சர் டியூபின் பக்கம் முதலில் அவளைச் சின்னவள் விடவில்லை. "அணைச்சு வச்சிருந்தாலும் உள்ள கரண்ட் நிக்கும் அண்ணி. தொட்டா செவுத்துல கொண்டுபோய் ஒட்டிடும்." நீளமான ஸ்க்ரூடிரைவரில் ஒரு வயரைக் கட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே செருகினாள். பட்டென்று ஒரு சத்தம். "இப்போ செத்துப்போச்சு. வாங்க." போர்டில் வயிறு உப்பிப்போன கண்டென்சர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் புதிது வைத்தாள். ஈயப் புகை மேலே எழும்போது அவள் உதட்டைக் குவித்து ஒதுக்கி ஊதுகிற விதம் டிரைவர் சூடான டீயை ஊதுகிற மாதிரியே இருந்தது. அண்ணன் தங்கை என்று அந்த வாயைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

வலது கை ஆளுக்காகச் செய்த பெட்டியை இடது கை ஆளுக்கு மாற்றினார்கள். கைப்பிடி இடப்பக்கம் இருந்தது நல்லதாயிற்று. குதிக்கிற பொத்தான்தான் வலப்பக்கம். அதை எடுத்துவிட்டு, கரண்ட் தையல் மெஷினின் பெடல் ஒன்றை வயர் போட்டுக் கீழே இறக்கினாள் சின்னவள். இடது கையால் ஏற வேண்டும், இடது காலால் குதிக்க வேண்டும். உட்கார்ந்து ஆட வேண்டுமானால் பெட்டியின் உயரம் ஒத்துவராது. அதற்கு அளவெடுக்க, டிரைவர் நாற்காலியிலேயே தூங்கிப்போன ஒரு மத்தியானம், அவள் கடை டேப்பைத் தரையிலிருந்து அவர் முழங்கைவரை பிடித்தாள். அவர் கண்ணைத் திறந்தார்.

"என்ன?"

"நாற்காலிக்கு உறை தைக்கலாம்னு."

அவர் டேப்பையும் அவளையும் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த ஞாயிறு பெட்டியின் அடிப்பாகத்தை அறுத்து எடுத்தார்கள். மரத்தூள் இரண்டு பேர் புருவத்திலும் அப்பிக்கொண்டது. "இந்த மாதிரிப் பெட்டிங்களைச் சேர்த்து வைக்கிற ஆளுங்க பார்த்தா நம்மளைப் போலீஸ்ல பிடிச்சுக் கொடுத்துடுவாங்க," என்றாள் சின்னவள்.

ஆஸ்பத்திரி வராந்தாவைப் பற்றி அவர்கள் பேசவில்லை. அவள் சில சமயம் அதற்காகக் காத்திருந்தாள். ஸ்க்ரூவை எடுத்துக் கொடுக்கும்போது, டீ போட்டுக் குடிக்கும்போது, அன்னைக்கு ஏதோ வேகத்துல சொல்லிட்டேன் அண்ணி என்று சின்னவள் சொல்லிவிடுவாள் என்று நினைப்பாள். சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் நடுவில் பெட்டி இருந்தது. அதற்கு வயர் வேண்டியிருந்தது, வார்னிஷ் வேண்டியிருந்தது. சொல்லாமலே கரைந்துபோயிருக்கும் என்று அவள் எண்ணிக்கொண்டாள். மாத்திரை நேரம், படுக்கை விரிப்பு, பிடித்து நடத்துதல் என்று ஓடுகிற வாரத்தில் அந்த ஷெட்டுக்குப் போகிற நாள் ஒன்று மட்டும் தனியாக நின்றது. ஞாயிறு காலை குளிக்கும்போது ஏதாவது ஒரு பாட்டை முனகிக்கொண்டிருப்பாள். யாராவது கேட்டிருந்தால், அப்படியா, நானா என்றிருப்பாள்.

திரையில் படம் வந்த நாளில் இரண்டு பேரும் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். கறுப்பில் மெதுவாக ஒரு வெளிச்சம் பரவி, கிணறு தெரிந்தது, ஏணி தெரிந்தது, குட்டி மனிதன் சிவப்புச் சட்டையோடு அடியில் நின்றான். சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கோ, இனி இந்த ஷெட்டுக்கு வர வேலை இல்லை என்றுதான் தோன்றியது. முடிந்துவிட்டது.

"சிவப்பு கொஞ்சம் மங்கலா இருக்கோ?" என்றாள்.

சின்னவள் திரையைப் பார்த்தாள். சிவப்பு சரியாக இருந்தது. பற்றி எரிகிற மாதிரி இருந்தது. "ஆமாம் அண்ணி," என்றாள். "இன்னும் ஒரு வாரம் வச்சுப் பார்ப்போம்."

அந்த வாரமும் அதற்கடுத்த வாரமும் வைத்துப் பார்த்தார்கள். குற்றம் குறை இல்லாமல் ஒட்டியிருந்த புது ஸ்டிக்கரை, உள்ளே ஒரு குமிழி தெரிகிறதென்று சொல்லி அவளே உரித்து மறுபடி வெட்டி ஒட்டினாள். பிறந்த நாள் மட்டும் இல்லாவிட்டால் இன்னும் எத்தனை குமிழிகள் தென்பட்டிருக்குமோ.

அன்று காலை தெருவில் இருந்த இரண்டு பேர் கைகொடுத்துப் பெட்டியை வாசல்படி ஏற்றினார்கள். டிவியை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் வைத்தார்கள். அக்கம்பக்கத்தார் நான்கைந்து பேர் கூடிவிட்டார்கள். டிரைவர் நாற்காலியில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியோடு அவரை அருகில் நகர்த்தி நிறுத்தியதும் இடது கையை நீட்டி, பக்கவாட்டில் ஏறிக்கொண்டிருந்த குட்டி மனிதனைத் தடவினார்.

"கிணறு," என்றார்.

தடுமாறாமல், தேடாமல் வந்த சொல். அவர் வாயிலிருந்து ஒரு சொல் இத்தனை சுத்தமாக வந்து எத்தனையோ மாதமாகியிருந்தது. சின்னவள் அழுதேவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் கை தட்டினார்.

பிறகு அவர் ஆடினார். கைப்பிடியைப் பிடித்து முதல் ஏணியில் ஏறினார். உடைந்த படி வந்தது. பெடலை மிதித்தார். மிதிப்பதற்குள் மனிதன் விழுந்துவிட்டான், தண்ணீர் மூடியது. மறுபடி. அதே படி, அதே இடம். கை சொல்வது காலுக்குப் போய்ச் சேர நேரமெடுத்தது. இரண்டும் இடப்பக்கம்தான், இரண்டும் நல்ல உறுப்புகள்தான். இடையில் எங்கோ பாதை அறுந்திருந்தது. அதைப் பற்றி அவர்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை. சின்னவள் அவர் காதோரம் குனிந்துகொண்டாள். "இப்போ மிதிண்ணே. இப்போ. இப்போ." ஒவ்வொரு இப்போவுக்கும் கால் ஒரு மூச்சு பிந்தி வந்தது. கூடியிருந்தவர்கள் பரவாயில்லை, பழகப் பழக வந்துவிடும் என்றார்கள். டிரைவரின் முகத்தில் ஒரு புன்னகை இருந்தது. அதை அவள் அறிவாள். கை காலுக்குப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வருகிற பெண்ணுக்காக அவர் வைத்திருக்கிற புன்னகை அது.

சின்னவள் தரையில் உட்கார்ந்து, அண்ணனின் கணுக்காலைப் பிடித்து, சரியான நேரத்தில் தானே அழுத்தினாள். மனிதன் குதித்து அந்தப் பக்கம் போனான். "பார்த்தியாண்ணே," என்றாள். டிரைவர் கைப்பிடியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார்.

"போதும்... சின்னவளே."

மனிதன் படியில் சும்மா நின்றான். தண்ணீர் அவன் நிற்கிற இடத்துக்கு வந்து, அவனைத் தாண்டிப் போயிற்று.

எல்லாரும் போன பிறகு சின்னவளும் கிளம்பினாள். அவள் வாசல்வரைக்கும் கூடப் போனாள். செருப்பை மாட்டிக்கொண்டே சின்னவள் சொன்னாள்: "பெடல் ஸ்பிரிங் ரொம்ப டைட்டா இருக்கு. அதைக் கொஞ்சம் தளர்த்திட்டா..."

"ஸ்பிரிங்ல ஒண்ணும் இல்ல."

"தெரியும்." செருப்பின் வார் சரியாக விழுந்த பிறகும் சின்னவள் குனிந்தே இருந்தாள். "நான் மறந்துடணும்னுதான் பார்த்தேன் அண்ணி. ஷெட்டுல இருக்கும்போது மறந்தும் போச்சு. இன்னைக்கு அந்தக் காலைப் பிடிச்சேன் பாருங்க. நல்ல கால்தான், ஆனா அதுவும் கால் மாதிரியே இல்ல." நிமிர்ந்தாள். கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "அன்னைக்கு நீங்க வேலைக்குப் போயிருக்கக் கூடாது."

"தெரியும்," என்றாள் அவள்.

சின்னவள் போய்விட்டாள்.

உள்ளே பெட்டி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவள் அணைக்கப் போனாள்.

"இருக்கட்டும்," என்றார் டிரைவர்.

அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். திரை வெளிச்சம் அவர் முகத்தின் ஒரு பக்கத்தில் நீலமாகவும் சிவப்பாகவும் மாறி மாறி விழுந்தது. அவர் வெகுநேரம் சொற்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

"உன்... முதலாளி வந்தாரு. ஒரு ஞாயிறு. ஏதோ... சாவி கேட்டு."

"எப்போ?"

"முன்னாடி. ரொம்ப... முன்னாடி. கடை... லீவுன்னாரு."

"ஏங்க என்கிட்ட கேக்கல?"

அவர் இடது கையால் காதைத் தொட்டுக் காட்டினார். "பாடுவ. குளிக்கும்போது." கையை இறக்கினார். "எங்கயோ போறா. அங்க... நல்லா இருக்கான்னு நினைச்சேன். யார்னு... கேக்கக் கூடாதுன்னு. மனசுல... சரி சொல்லிட்டேன்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் எழுந்து அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "யாரும் இல்லங்க. சத்தியமா யாரும் இல்ல. சின்னவளும் நானும் இந்தப் பொட்டியும்தான்."

"தெரியுது... இப்போ."

அவர் முகத்தில் ஒரு நிம்மதி வரும் என்று பார்த்தாள். வரவில்லை. விட்டுக்கொடுத்துத் தலை முழுகிய ஒன்றை யாரோ திரும்பக் கொண்டுவந்து கையில் வைத்துவிட்டது போலவும், இனி அதை எங்கே வைப்பதென்று தெரியாதது போலவும் அவர் தன் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முழங்காலில் நிமிர்ந்து, அந்தத் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவர் சாய்ந்தார். அவளுக்குத் தெரிந்த கனம்தான். தூக்கி உட்காரவைக்கும்போதும் படுக்கவைக்கும்போதும் இருக்கிற கனம்.

அந்த வாரம் யாரும் பெட்டியைத் தொடவில்லை. ஆனால் டிரைவர் அணைக்கவும் விடவில்லை. சத்தத்தை மட்டும் குறைத்து வைத்தாள். சின்னவளிடமிருந்து போன் வரவில்லை. இவளும் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள், அவ்வளவுதான்.

ஞாயிறு வந்தது. பாத்திரம் கழுவி, துணி துவைத்துக் காயப்போட்டு, தேய்க்க வேண்டியதைத் தேய்த்து முடித்தும் பொழுது அப்படியே கிடந்தது. அவள் ஜன்னல் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது டிரைவர் கேட்டார்:

"ஓவர்டைம்?"

"அது முடிஞ்சிடுச்சேங்க."

அவர் கதவைப் பார்த்தார். "போ."

"எங்க போறது?"

அவர் இடது கையைத் தூக்கி, வாசலை நோக்கி ஒரு முறை அசைத்தார். ரிவர்ஸ் எடுக்கிற வண்டிக்குப் பின்னால் நின்று, வரலாம் வரலாம் என்று காட்டுகிற மாதிரி. அவள் அவருக்கு வேண்டியதையெல்லாம் எட்டுகிற பக்கமாக நகர்த்தி வைத்தாள். பாட்டில் மூடியைத் தளர்த்தினாள். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். இந்த முறை பக்கத்து வீட்டில் சொல்ல ஒரு காரணமும் கைவசம் இல்லாததால், கொஞ்சம் பார்த்துக்குங்க என்று மட்டும் சொன்னாள்.

நிறுத்தத்தில் அவள் கை காட்டாமலே ஒரு பஸ் வந்து நின்றது. ஓட்டுநர் டிரைவரோடு ஒரே டிப்போவில் இருந்தவர். கதவைத் திறந்துவிட்டு எட்டிப் பார்த்தார். "ஏறுங்கண்ணி. ஏன் வெயில்ல நிக்கறீங்க?" அவள் ஏறி அவருக்குப் பக்கவாட்டில் இருந்த முன்சீட்டில் உட்கார்ந்தாள். கூட்டம் இல்லை. பின்னால் யாரோ தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"எப்படி இருக்காரு?"

"இருக்காரு."

"எங்க இறங்கணும்?"

"சொல்றேன்," என்றாள்.

சின்னவள் வீட்டுத் தெருவுக்கு முன்னால் சாலை கூர்மையாக வளையும். வளைவைத் தாண்டியதும் அடுத்த நிறுத்தம் அதுதான். ஓட்டுநர் முன்னால் சாய்ந்து, கைமேல் கை மாற்றி, அந்தப் பெரிய ஸ்டியரிங்கை இழுத்து இழுத்துத் திருப்பினார். பஸ்ஸின் மூக்கு வேலி ஓரமாக மெல்லத் திரும்பியது. பிறகு அவர் விரல்களைத் தளர்த்தினார். சக்கரம் அவருடைய இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே தானாகவே சுழன்று, வழுக்கிக்கொண்டு, நேருக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.